விரலால் சுட்ட முடியாத வலி

காலில் முள் தைத்த பிள்ளையிடம், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுதாலும், சுட்டுவிரலின் நுனியை முள் தைத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடும். அதே கேள்வியை, நாள் முழுதும் அடுப்படியில் நின்று களைத்த உம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். விரல் எழாது, உள்ளங்கைதான் எழும். தொடையில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை அந்தக் கை ஒருமுறை தடவிச் செல்லும். "இப்படியே முழுக்க உளையுது வாப்பா" என்பதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல இயலாது.

தோலில் தோன்றும் வலியும் தசையில் தோன்றும் வலியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதற்கு இந்த விரலும் உள்ளங்கையுமே சாட்சி. நம் தமிழ் மொழி இவ்வேற்றுமையை எப்போதோ அறிந்து வைத்திருக்கிறது. தோலுக்கு எரிச்சல், காந்தல், சுருக்கெனக் குத்தல் என்று சில சொற்கள். தசைக்கு உளைச்சல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, நோவு என்று வேறு சில. "சுருக்கென்று உளைந்தது" என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஆயினும், "சரியான இடத்தைச் சொல்லத் தெரியவில்லையே!" என்று உளைச்சல்காரர்களைத்தான் நாம் குறை கூறுகிறோம். சொல்லத் தெரியாமற்போவது அவர்களது அறியாமையால் அன்று. அவ்வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளின் இயல்பே அத்தகையது. இக்கட்டுரையில் நான் சொல்ல முற்படுவது இதைத்தான்.

நான் மருத்துவம் பயின்றவனல்லன். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றபின் மதரஸாவில் அரபி இலக்கணம் கற்பிக்க வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இத்துறையை எட்டிப் பார்க்கும் ஆர்வம் எனக்கு உண்டானது என் ராத்தாவால். ஐம்பத்திரண்டு வயதான அவர்களுக்கு வலப்பக்க இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, கணுக்கால் வரை ஓர் இழுப்பு. இரண்டு ஆண்டுகளாகத் தூக்கமில்லை. பெருநகர் மருத்துவமனை ஒன்றில் முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். "ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, வயதாகிறதல்லவா, மனத்தை வேறு காரியங்களில் செலுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் சுத்தமாக வந்தால் வீடு மகிழ வேண்டும். அன்று நிகழ்ந்ததோ வேறு. "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற சொல் வீடு வந்து சேர்வதற்குள் "வலி ஒன்றுமில்லை" என்று மாறிவிட்டது. மீன் ஆய மறுத்தால் சோம்பல். விருந்துக்கு வராவிட்டால் வீம்பு. ராத்தாவும் நாளடைவில் வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். என்னிடம் ஒருநாள், "எனக்கே சந்தேகமாக இருக்கிறது தம்பி, இது உண்மையான வலிதானா?" என்று கேட்டார்கள். வலி வந்தவரே அதன் உண்மையை ஐயுறும் நிலையை விடக் கொடிய நோய் வேறென்ன இருக்க முடியும்? அக்கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நான் நூல்களைத் தேடிப் போனேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் 'நரம்பு' என்ற சொல் படும் பாடு சொல்லி முடியாது. கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு. குதிகாலுக்குப் பின்னே கயிறுபோல் விறைத்து நிற்பதும் நரம்பு. கெண்டைக்கால் தசை முடிச்சிட்டுக்கொண்டால் அதுவும் 'நரம்பு சுருட்டிக்கிச்சு'. முதலாவது இரத்தக் குழாய், இரண்டாவது தசைநாண், மூன்றாவது தசை. உண்மையான நரம்பு இவை எதுவுமன்று. இதில் நாம் மட்டும் நாணத் தேவையில்லை. அரபியில் 'அஸப்' என்ற சொல் நரம்பையும் தசைநாணையும் சேர்த்தே குறித்து வந்தது. கிரேக்கத்தில் 'நியூரான்' என்ற சொல்லும் முதலில் தசைநாணைத்தான் குறித்தது. வெண்ணிறமாய் நீண்டு கிடக்கும் இரண்டையும் பண்டையோர் ஒன்றாகவே கண்டிருக்கின்றனர்.

உண்மையான நரம்பு, நூற்றுக்கணக்கான மெல்லிழைகளைத் திரித்த கயிறு போன்றது. தசைக்குள் செல்லும் நரம்பெல்லாம் 'சுருங்கு', 'தளர்' என்ற கட்டளையைக் கொண்டு செல்வதற்கே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1894-இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன் இக்கருத்தைத் திருத்தினார். கட்டளை செல்லும் வேர்களை விலங்குகளின் தண்டுவடத்தருகே துண்டித்துவிட்டால் அவ்வேர்களுக்குரிய இழைகள் அழிந்துபோகும். அதன்பின் தசை நரம்பைச் சோதித்தால் எத்தனை இழைகள் பிழைத்திருக்கின்றன என்று எண்ணிவிடலாம். எண்ணியபோது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பிழைத்திருந்தன. அவை கட்டளையை ஏற்றுச் செல்பவை அல்ல. தசையிலிருந்து செய்தியைக் கொண்டு வருபவை! ஷெரிங்டனுக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி கொண்டுவரும் இழைகளிலும் தடித்தவை உண்டு, மெல்லியவை உண்டு. தடித்த இழைகள் கொழுப்புறை போர்த்தவை. விநாடிக்கு 70 முதல் 120 மீட்டர் வரை பாய்பவை. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்பதை இவை தெரிவிக்கின்றன. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டும் நாம் சோற்றை வாய்க்குத்தான் கொண்டுபோகிறோம் அல்லவா? அது இவற்றின் உதவியால். வலிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

வலியைச் சுமப்பவை மெல்லியவை. நூல்களில் இவற்றை மூன்றாம், நான்காம் வகுப்பு இழைகள் என்கின்றனர். (இரயில் பெட்டிக்கு வகுப்புப் பிரித்ததுபோல் 1943-இல் செய்த பாகுபாடு இது.) மூன்றாம் வகுப்புக்கு மெல்லிய உறை உண்டு. நான்காம் வகுப்புக்கு உறையே இல்லை. அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆள் நடந்து போகும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். கெண்டைக்காலிலிருந்து புறப்பட்ட செய்தி முதுகை வந்தடைவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். இவ்விழைகளின் முனைகள் தசைநார்களின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நார்களுக்கு இடையே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரையும், அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புச் சவ்வையும் சுற்றியே படர்ந்திருக்கின்றன. குழாயடியில் குடத்தோடு நிற்பவர்களுக்குத்தானே தண்ணீர் குறைவது முதலில் தெரியும்! அவ்வாறே, இரத்தம் குறைந்தாலும் கழிவு மிகுந்தாலும் முதலில் அறிபவை இவையே.

ஜெர்மனியின் சீக்ஃபிரீட் மென்ஸே போன்றோர் 1970-களிலிருந்து இத்தகைய இழைகளை ஒவ்வொன்றாகத் தனித்தெடுத்து, எது எதற்கு விடையளிக்கிறது என்று பதிவு செய்தனர். சில இழைகள் கடுமையாக அழுத்தினால் மட்டுமே எழுகின்றன. சில, சாதாரண உழைப்புக்கே எழுகின்றன. ஆனால் வலியை எழுப்புவதில்லை. தசை உழைக்கிறது என்று அறிவித்து, இதயத்தையும் மூச்சையும் விரைவுபடுத்தச் செய்கின்றன. சில, சூட்டுக்கு எழுகின்றன. ஆக, மெல்லிழைகள் அனைத்தும் வலியின் தூதர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

இரத்தம் குறைந்தால் என்ன நேரும் என்பதை 1931-இல் இலண்டனில் தாமஸ் லூயிஸும் அவருடைய தோழர்களும் மிக எளிய முறையில் சோதித்துக் காட்டினர். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். கையை அசைக்காமல் வைத்திருந்தால் தசை அவ்வளவாக நோகவில்லை. அதே நிலையில் விரல்களை மடக்கி மடக்கி விரித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள் தாங்க முடியாத வலி! மடக்குவதை நிறுத்தினாலும், பட்டை இறுக்கமாக இருக்கும்வரை வலி குறையவில்லை. பட்டையை அவிழ்த்ததும் சில விநாடிகளில் மறைந்தது. உழைப்பால் பிறந்த ஏதோ ஒரு பொருள் தசைக்குள் தேங்கி வலியை எழுப்புகிறது, இரத்தம் வந்ததும் அதைக் கழுவிச் செல்கிறது என்று லூயிஸ் முடிவு செய்தார். (இதை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

அப்பொருள் ஒன்றன்று, பல என்பது பின்னர் தெரிய வந்தது. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்துத் தொண்டர்களின் கட்டைவிரல் தசையில் மூன்று பொருள்களை மிகச் சிறிதளவு செலுத்தினர்: அமிலம், லாக்டேட், ஏடிபி எனப்படும் எரிபொருள். தனித்தனியே செலுத்தியபோது குறிப்பிடத்தக்க உணர்வு எதுவும் தோன்றவில்லை. மூன்றையும் மிதமான உழைப்பின்போது இருக்கும் அளவில் கலந்து செலுத்தியதும், எந்த வேலையும் செய்யாத அத்தசையில் அசதி தோன்றியது. அளவைக் கூட்டியதும் உளைச்சல் தோன்றியது! அசதியும் உளைச்சலும் ஒரே பாதையின் இரு படிகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

லூயிஸின் சோதனையைப் படித்தபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பள்ளிவாசலுக்கு வரும் வழியில் நாள்தோறும் அதே மின்கம்பத்தருகே நிற்பார். கெண்டைக்கால் இறுகிக்கொள்ளுமாம். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும், மீண்டும் நடப்பார். வயது மூப்பு என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம். காலுக்குச் செல்லும் தமனி ஒடுங்கியிருந்தால் இவ்வாறுதான் குறிப்பிட்ட தூரத்தில் வலித்து, நின்றதும் தணியும். கம்பத்தருகே நிற்பது, லூயிஸின் பட்டையை அவிழ்ப்பதற்கு ஒப்பாகும். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைத் தைலம் தடவிப் போக்க நினைப்பது ஆபத்தானது. பெரியவருடைய மகனிடம் சொன்னேன். மருத்துவரிடம் காட்டியபின் இப்போது மருந்து உட்கொள்கிறார், பீடியை விட்டுவிட்டார்.

தேங்கிய பொருளால் வரும் வலி இரத்தம் பாய்ந்ததும் போய்விடும் என்றால், மறுநாள் வரும் வலி எதனால்? எங்கள் மதரஸா மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் இறங்குவார்கள். அன்று மாலை சிட்டுக்குருவிகளாய்த் துள்ளித் திரிவார்கள். மறுநாள் லேசான கடுப்பு. மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் இறங்கும்போதுதான் வேடிக்கை! சுவரைப் பிடித்துக்கொண்டு, "உஸ்தாது, தொடை கழன்று விழுகிறது" என்று ஒவ்வொருவராய் இறங்கி வருவார்கள். "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலகாலமாகச் சொல்லி வருகின்றனர். அது சரியன்று. லாக்டிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் கழுவப்பட்டுவிடும். மூன்றாம் நாள் வரை காத்திருக்காது.

இவ்வலியை 1902-இலேயே அமெரிக்காவின் தியோடர் ஹஃப் ஆராய்ந்து, இது தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசலாக இருக்கலாம் என்றார். குறிப்பாக, தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலையில் இது மிகும். படி இறங்குவதும் சரிவில் இறங்குவதும் அத்தகைய வேலைகள். ஜப்பானின் நகோயாவில் கசுயே மிசுமுரா அம்மையாரின் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வு 2010-இல் இதற்கு மேலும் விளக்கம் தந்தது. பழகாத உழைப்புக்குப் பின் தசைக்குள் பிராடிகைனின் என்ற பொருள் பிறக்கிறது. அதன் தூண்டுதலால் பல மணி நேரத்துக்குப் பின் நரம்பு வளர்ச்சிப் பொருள் ஒன்று சுரக்கிறது. அது மெல்லிழைகளின் முனைகளைக் கூர்மையாக்கிவிடுகிறது. அதனால், நேற்று வரை பொருட்படுத்தாத சிறு அழுத்தத்துக்கும் அவை கூக்குரலிடுகின்றன. மாணவர்களின் மூன்றாம் நாள் வலி இப்படித் தாமதமாகக் கூர்தீட்டப்பட்ட வலி. நான்கைந்து நாளில் தானே தணியும். மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் அளவு மீறிய உழைப்புக்குப்பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் இறங்கினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். சிதைந்த தசையின் பொருள் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம்.

வலியே இல்லாதிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாம் ஏங்குவதுண்டு. 2009-இல் மார்க்கஸ் அமான் என்பவரும் அவருடைய குழுவினரும், பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் எண்மரின் முதுகுத் தண்டருகே மருந்து செலுத்தி, கால்களிலிருந்து மெல்லிழைகள் கொண்டுவரும் செய்தியைத் தடுத்தனர். பின்னர் ஐந்து கிலோமீட்டர் தூரம் ஓட்டச் செய்தனர். முதல் பாதியில் வழக்கத்தினும் வேகமாக மிதித்தார்கள். பிற்பாதியில் சோர்ந்து விழுந்தார்கள். மொத்தத்தில் ஒரு விநாடியும் மிச்சமாகவில்லை. தசைகள் வழக்கத்தை விட மிகுதியாகக் களைத்து, இறங்கியபின் நடக்கத் தடுமாறினார்கள். கடிவாளம் இல்லாத குதிரை எல்லையை முன்னதாகத் தொடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது வியப்பளித்திருக்கும்.

இனி ராத்தாவின் கேள்விக்கு வருகிறேன்.

மெல்லிழைகள் தண்டுவடத்தில் நுழைந்ததும் அங்குள்ள நரம்பணுக்களிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அவ்வணுக்களில் தசைக்கென்றே ஒதுக்கப்பட்டவை மிகச் சில. ஒரே அணு, தசையின் செய்தியையும் தோலின் செய்தியையும் மூட்டின் செய்தியையும், ஏன், வேறொரு தசையின் செய்தியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. நான்கு தெருக் கடிதங்களை ஒரே பையில் போட்டு அனுப்பினால், மேலிடத்தில் இருப்பவர் எந்தத் தெருக் கடிதம் என்று எப்படிப் பிரித்தறிவார்? மூளைக்கு நேர்வது அதுவே. ஆகவேதான் விரல் எழாமல் உள்ளங்கை எழுகிறது. சில வேளைகளில் வலி பிறந்த இடம் ஒன்றாகவும் தோன்றும் இடம் வேறாகவும் போய்விடுகிறது.

இதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் ஜோனாஸ் கெல்கிரென் என்ற இளம் மருத்துவர். லூயிஸின் துறையிலேயே பணியாற்றிய இவர், ஆறு சதவீத உப்புநீரைச் சிறிதளவு ஊசியில் எடுத்துத் தம் தசைகளிலும் தொண்டர்களின் தசைகளிலும் செலுத்தினார். சில நிமிடங்கள் நீடித்து மறையும் வலி. தோலிலும் தசைநாணிலும் செலுத்தினால் எல்லாரும் இடத்தைச் சரியாகச் சுட்டினர். தசைக்குள் செலுத்தினால் வலி பரந்து, ஊசி குத்தாத தொலைவிடங்களில் தோன்றியது. தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசையில் செலுத்தியது தோள் முனையிலும் மேற்கையிலும் நொந்தது. 1938-இல் இவற்றையெல்லாம் படம் வரைந்து வெளியிட்டார். பல்லில் குறையேதுமின்றி, மெல்லும் தசையின் வலி பல்வலியாகத் தோன்றுவதைப் பல் மருத்துவர்கள் நன்கறிவர்.

ராத்தாவின் நாத்தனார் மகள் பிசியோதெரபி படித்தவள். விடுமுறைக்கு வந்திருந்தவள், ராத்தாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடுப்பின் வெளிப்புறத்தில் புட்டத் தசையை விரல் விரலாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கட்டைவிரல் பதிந்ததும் ராத்தா அலறிவிட்டார்கள். "யா அல்லாஹ்! கணுக்காலில் இழுக்கிறதே!" கை இருந்தது இடுப்பில், வலி எழுந்தது கணுக்காலில். அவள் சிரித்துக்கொண்டே, "மாமி, நீங்கள் இத்தனை நாளும் சொன்னது அவ்வளவும் உண்மை" என்றாள். ராத்தா அழுதார்கள். அழுத்தியது நொந்ததற்காக அழுதார்கள் என்று நான் நினைக்கவில்லை.

முதுகெலும்பை எடுத்த ஸ்கேனில் இடுப்புத் தசையின் வலி எப்படித் தெரியும்? தவிர, ஸ்கேன் உருவத்தைக் காட்டும். மெல்லிழை ஒன்று கூர்மையாகிக் கிடப்பது அதில் பதியாது. மருத்துவரையும் முற்றிலும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவருக்கு, ஆளைப் படுக்கவைத்து விரல் விரலாக அழுத்திப் பார்க்க நேரம் ஏது? ஆனால் "எனக்குத் தெரியவில்லை" என்பதற்கும் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பதற்கும் இடையே பெரும் தொலைவு இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு சீனா (980–1037) இத்தொலைவை அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய 'அல்கானூன்' நூலில் வலியைப் பற்றிய பகுதியை அரபியிலேயே படித்தேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு அதில் கூடுதல் சுவை. வலிகளைப் பதினைந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரடை சூட்டுகிறார்: குத்துவது, அழுத்துவது, இழுப்பது, துளைப்பது, துடிப்பது, கனப்பது, மரத்துப்போவது என்றெல்லாம். உழைப்பின் களைப்பால் வரும் நோவுக்குத் தனிப் பெயர். தசைக்கும் அதை மூடிய சவ்வுக்கும் இடையே ஏதோ புகுந்து பிரிப்பதால் வருவதற்கு ஒரு பெயர். தசைநாணை விட்டுத் தசையின் சதைப்பகுதியில் மட்டும் தோன்றுவதை 'ரிக்வ்', அதாவது 'மெத்தென்ற வலி' என்கிறார்! உடலின் தொடர்ச்சி அறுபடுவதே வலிக்குக் காரணம் என்ற காலெனின் கருத்தோடு அவர் முரண்படவும் செய்கிறார். அறுபடாமலே, உறுப்பின் தன்மை திடீரென மாறுவதாலும் வலி தோன்றும் என்பது அவர் கூற்று. அவர் காட்டிய காரணங்கள் பழைய திரவக் கோட்பாட்டைச் சார்ந்தவை. இன்று அவை நிற்கா. ஆனால் நோயாளி பயன்படுத்தும் சொல்லை அத்தனை கவனமாகக் காதுகொடுத்துக் கேட்ட முறை இன்றும் நிற்கிறது.

நெடுநாள் நீடித்த தசைவலி வேறொரு தீங்கும் செய்யும். மெல்லிழைகள் ஓயாது தட்டிக்கொண்டிருந்தால், தண்டுவடத்து நரம்பணுக்கள் சிறு தட்டலுக்கும் பெரிதாக விழித்துக்கொள்ளப் பழகிவிடுகின்றன. அதன்பின் தசையில் மூலக் காரணம் குறைந்தாலும் வலி குறைவதில்லை. பக்கத்து இடங்களுக்கும் பரவுகிறது. உடல் முழுதும் நோவு, விடிந்தும் தீராத அசதி, தூக்கக் கெடுதி ஆகியவை சேர்ந்த ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயில் இத்தகைய மிகையுணர்வுக்குப் பெரும் பங்குண்டு. பெண்களிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால் இது மனக் கற்பனை என்று தள்ளப்பட்டதும் உண்டு. 2013-இல் பாஸ்டன் நகர ஆய்வொன்றில், இந்நோயாளிகளின் தோலில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, 41 சதவீதத்தினரிடம் மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டனர். ஒப்பிட எடுத்துக்கொண்ட நலமானவர்களில் அது 3 சதவீதமே. எல்லாருக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'வெறும் கற்பனை' என்ற வாதம் இதன்பின் எடுபடாது.

நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சிங்கப்பூரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் கோடாலித் தைலம் இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அதன் குளிர்ச்சி பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. ஆயினும் உம்மா தம் உள்ளங்கையால் தேய்க்கும்போது கிடைக்கும் இதம் பொய்யன்று. தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த இழைகள் தண்டுவடத்தில் மெல்லிழைகளின் செய்தியை அடக்க முடியும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினர். அவர்கள் வரைந்த விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. தைலத்தில் பாதி, தேய்க்கும் கையில் பாதி என்று கொள்ளலாம். மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளோ சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு.

ராத்தாவுக்கு அந்தப் பெண் சொல்லித் தந்தது மிக எளியது. தாழ்ந்த மணைப்பலகையில் இரண்டு மணி நேரம் குந்தி மீன் ஆய்வதை விட்டு, மேடையில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ செய்வது, இடுப்புத் தசையை நீட்டவும் வலுப்படுத்தவும் மூன்று பயிற்சிகள், மாலையில் நடை. எட்டு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. முற்றிலும் போய்விடவில்லை, மழைக்காலத்தில் இப்போதும் தலைகாட்டுகிறது. ஆனால் வீட்டில் யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. மச்சானே மீன் ஆய்ந்து கொடுக்கிறார் என்று கேள்வி!

ஒன்றை மட்டும் விட்டுவிட மனமில்லை. இதயமும் தசையே. அதற்கு இரத்தம் குறைந்தால் அங்கும் மெல்லிழைகளே செய்தி சொல்கின்றன. அவை நுழையும் தண்டுவடப் பகுதியில்தான் மார்பு, இடக்கையின் உட்புறம் ஆகியவற்றின் செய்திகளும் வந்து சேர்கின்றன. அதனால்தான் இதயத்தின் வலி நெஞ்சில் பாரமாகவும், இடக்கையில் இழுப்பாகவும், தாடையில் கடுப்பாகவும் வேடம் பூண்டு வருகிறது. அதைக் காட்டுபவர்களும் பெரும்பாலும் விரலால் காட்டுவதில்லை. உள்ளங்கையையோ மூடிய முட்டியையோ மார்பில் வைத்துக் காட்டுவார்கள். பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் லெவின் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

சர்க்கரை நோய் பல ஆண்டு பழகிய உடலிலோ இந்த மெல்லிழைகளே பட்டுப்போயிருக்கலாம். அப்போது மாரடைப்பு வந்தும் வலி வராது. திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணமற்ற பெருஞ்சோர்வு, குமட்டல் ஆகியவை மட்டுமே தெரியும். "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டால் இல்லையென்றே சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. அந்த வேளையில் 108-க்குத் தொலைபேசி செய்துவிட்டு, எத்தனை ஆண்டாகச் சர்க்கரை இருக்கிறது என்பதை வந்தவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.